நடுவில் காய்ந்த எலுமிச்சைப் புல்

மூன்றாம் ஆண்டில்தான் தூரின் நடுப்பகுதி காயத் தொடங்கியது. சுற்றிலும் பச்சைப்பசேலென்று இலைகள், நடுவில் மட்டும் சருகு. நோய் தாக்கிவிட்டது என்று பதறிப்போனேன். தண்ணீரைக் கூட்டினேன், தொழுவுரம் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் மண்வெட்டியால் தூரைப் பெயர்த்துப் பார்த்தேன். விரல் நுழைய இடமின்றி வேரோடு வேர் பின்னிக் கிடந்தது. இடநெருக்கடிதான் காரணம்.

எலுமிச்சைப் புல் பூப்பது அரிது. விதையை நம்ப முடியாது, தூரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் இலை விளிம்பு கையைக் கீறிவிடும். இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கிவிட்டுத் தூரைக் கத்தியால் பிளந்தேன். ஒவ்வொரு துண்டிலும் வேரோடு மூன்று நான்கு தண்டுகள். ஏழு கன்றுகள் தேறின. இரண்டடி இடைவெளியில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் நட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்தபோது, வெட்டிய தண்டுக்குள்ளிருந்து ஓர் இலை எழும்பியிருந்தது. அதன் நுனி கூராக இல்லை. கத்தி பட்ட இடத்தில் நேர்க்கோடாக அறுபட்டிருந்தது. சுருண்டிருந்தபோதே வெட்டுப்பட்ட இலை, அப்படியே வளர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலரும் தேநீருக்கு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அடியில் வெளுத்திருக்கும் நான்கு அங்குலம்தான் சமையலுக்கு உகந்தது. தண்டை மண்ணை ஒட்டி அறுத்து, வெளி மடல் இரண்டை உரித்துவிட்டு, கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் சமையலறையே மணக்கும். அந்த மணத்துக்குக் காரணம் சிட்ரால். எலுமிச்சைத் தோலிலும் அது உண்டு என்றாலும், இந்தப் புல்லின் எண்ணெயில் பெரும்பகுதியே அதுதான். எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் இலையைக் கொதிக்கவிட மாட்டேன். கொதித்த நீரை ஊற்றி மூடி, ஏழெட்டு நிமிடம் வைப்பேன்.

கொசுவுக்காக இதை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். செடி சும்மா நின்றால் கொசு போகாது, இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிவரும். கொசுவிரட்டி எண்ணெய்க்குப் பெயர்பெற்ற சிட்ரோனெல்லா வேறு புல். அதன் தண்டின் அடி செந்நிறமாக இருக்கும்.

ஏழில் ஐந்து கன்றுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று இப்போதே இடுப்பளவு நிற்கிறது.