கைமாற்றாகக் கொடுத்த பணம்: மூன்று வருஷத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

நண்பனிடம் மாட்டிக்கொண்ட பணத்தைத் திரும்ப வாங்க இறங்கினால் முதலில் எழுதி வைக்க வேண்டியது, பணம் கொடுத்த தேதி. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை எதுவும் பேசாமல் கொடுத்த கைமாற்றுக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருஷம்தான் கெடு. திருப்பித் தரும் நாள் பேசியிருந்தால் அந்த நாளிலிருந்து 3 வருஷம். “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்டா” என்பதை 36 தடவை பொறுத்துக்கொண்டால் கோர்ட்டு கதவு மூடிவிடும். பலருக்குப் பணம் போவது இப்படித்தான். வக்கீல் நோட்டீஸ் விட்டால் கெடு நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. நிற்காது.

அடுத்தது ஆதாரம். வங்கிக் கணக்கில் பணம் போன வரி மட்டும் இருந்தால் போதாது. பணம் வந்ததை எதிராளி மறுக்க மாட்டான். “அது எனக்கு அவன் தர வேண்டிய பழைய பாக்கி” என்பான். அதனால் உறவு முறிவதற்கு முன்பே, சண்டைத் தொனி இல்லாமல், கடன் என்ற சொல்லும் தேதியும் தொகையும் சேர்ந்த ஒரு செய்தி அனுப்ப வேண்டும். “மச்சி, மார்ச் 12 உனக்குக் கைமாத்தா அனுப்புன 1,50,000ல 20,000 வந்துருச்சு. மீதி 1,30,000 எப்ப தருவ?” இதற்கு “ஜூன்ல தர்றேன்டா, கொஞ்சம் பொறு” என்று ஒரு வரி வந்தால் கடன், தொகை, பாக்கி மூன்றையும் அவனே ஒப்புக்கொண்டதாகிறது. “காசு எப்படா தருவ” என்று மட்டும் கேட்டு வாங்கிய பதிலுக்கு இதில் பாதி பலம்கூட இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்தால் கோர்ட்டில் எடுபடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி, ஹாஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆகவே போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் பதில் கடனை நிரூபிக்க உதவும். கெடுவை நீட்டிக்க அதை மட்டும் நம்பக் கூடாது. அதற்குத் தாளில் கையெழுத்து வேண்டும். 3 வருஷம் முடிவதற்குள் “இவ்வளவு பாக்கி உண்டு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் ஓடும். இடையில் கொஞ்சம் பணம் தந்தாலும் கெடு புதுப்பிக்கப்படும், ஆனால் அதையும் அவன் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ தந்திருக்க வேண்டும். கெடு தாண்டியே போய்விட்டதா? பழைய கடனைத் தருவதாக அவன் எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதை ஏற்கிறது.

எழுதி வாங்குவதில் ஆகச் சிறந்தது புரோநோட்டு, அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டுத் தரும் கடனுறுதிச் சீட்டு. அதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழும்படி குறுக்கே போட வைக்க வேண்டும். இது சடங்குக்காக அல்ல. மற்றப் பத்திரங்களில் முத்திரைக் குறை இருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்த வழியே கிடையாது, ஸ்டாம்பு இல்லாத நோட்டைச் சாட்சியமாக எடுக்கவே மாட்டார்கள். கையெழுத்து மறுக்கப்பட்டால் சொல்ல ஆள் வேண்டும், அதனால் இரண்டு சாட்சிகளும் இருக்கட்டும்.

செக் வாங்கியிருந்தால் கெடுவை வருஷத்தில் அல்ல, நாட்களில் எண்ண வேண்டும். செக்கின் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் ரிட்டர்ன் மெமோவை (செக் திரும்பிய காரணத்தை எழுதி வங்கி தரும் சீட்டு) வாங்கி, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் போய்விட வேண்டும். அது அவன் கைக்குக் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம். ஜூன் 10 அன்று கிடைத்தால் 25 வரை பார்த்துவிட்டு, ஜூலை 25-க்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் பற்றிய சட்டம்) 138-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகாரைப் போட்டுவிடுவது பத்திரம். உங்கள் கணக்கு உள்ள கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே போடலாம், அவன் ஊருக்கு அலைய வேண்டாம். நோட்டீஸுக்கான 30 நாளைத் தவறவிட்டால், செக் இன்னும் செல்லுபடியாக இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, அது திரும்பிய பின் புதிதாகத் தொடங்கலாம்.

இதில் வழக்கைக் கவிழ்ப்பவை சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள். நோட்டீஸில் செக் தொகையை ஒரு ரூபாய் பிசகாமல் கேட்க வேண்டும்; வட்டி, வக்கீல் செலவு என்றால் அவற்றைத் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். அதைவிட மோசமானது இன்னொன்று: 2 லட்சத்துக்குச் செக் வாங்கிய பிறகு அவன் 50,000 கொடுத்திருப்பான், அதே செக்கை முழுத் தொகைக்குப் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வந்த பணத்தைச் செக்கிலேயே குறிக்கலாம், அல்லது பாக்கிக்குப் புதுச் செக் வாங்கலாம். நான் புதுச் செக்கைத்தான் சொல்வேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 138 வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பண வழக்குக்கான 3 வருஷக் கெடு நின்றுவிடாது.

போலீஸில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் “சிவில் மேட்டர்” என்பார்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால்தான் அது மோசடி. பொய்க் காரணம் சொல்லி வாங்கியிருந்தால் அதற்கு ஆதாரம் எடுங்கள். வெறுமனே தராமல் இழுத்தடிக்கிறான் என்றால் அந்த அலைச்சல் வேண்டாம்.

சிவில் பக்கம் வந்தால், எழுத்து ஆதாரமோ புரோநோட்டோ இருப்பவர்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் ஆணைப்படி சுருக்க வழக்குப் போடலாம். சம்மன் கிடைத்த 10 நாளில் அவன் ஆஜராக வேண்டும், எதிர்த்து வாதாடத் தனியாக அனுமதியும் கேட்க வேண்டும். பேசி முடிக்க வாய்ப்பு தெரிந்தால் அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள், கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட்டு டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீலும் கிடையாது. தவணையாகத் தருகிறேன் என்பவனிடம் எந்தத் தேதிக்கு எவ்வளவு, ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்ற வரிகளை அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டிக்ரி வந்த பின், அதன்படி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுப் போட 12 வருஷம் இருக்கிறது, ஆனால் எதைப் பிடிப்பது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். சம்பளக்காரன் என்றால் முதல் 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். அதனால் அவன் வேலை செய்யும் இடம், வீட்டு முகவரி, உங்களுக்கு 20,000 அனுப்பிய கணக்கின் வங்கியும் கிளையும், எல்லாவற்றையும் பேச்சுவார்த்தை இருக்கும்போதே ஒரு தாளில் குறித்து, புரோநோட்டு இருக்கும் அதே உறையில் வையுங்கள்.