ஒரு வருகைக்கு ஒரு கூடம்

மே 4, சனிக்கிழமை

அண்ணன் பிள்ளைகள் அமுதாவையும் கதிரையும் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், பெட்டியின் வெளிக்கூட்டைச் செய்யும் ஷெல் பிரிவில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவும் உடன் வந்தார். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலை அது. 2002-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் அப்பாவுக்கு அறிவிப்புப் பலகைகள் தேவைப்படவில்லை. நான்கு வயதுக் கதிர், தன்னைவிட உயரமான நீராவி எஞ்சின் சக்கரத்தை விட்டு நகர மறுத்தான். மற்றவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டபோது, "இருக்கட்டும்மா, அவன் பார்த்து முடிக்கட்டும்" என்று அப்பா தடுத்து, உந்துதண்டு எப்படிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று கையை நீட்டி மடக்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் கதிர் வரைந்த சக்கரத்தில் அந்தத் தண்டு சரியான இடத்தில் இருந்தது.

மே 11, சனிக்கிழமை

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறிச் சென்றோம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த வளாகம் பரந்து கிடப்பது. முழுவதையும் ஒரே நாளில் காட்ட நினைத்தால் குழந்தைகளுக்குக் கால்வலிதான் மிஞ்சும். அதனால் கதிர் கேட்ட திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு, நேரே செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போய்விட்டோம்.

திருவாலங்காட்டு நடராசர் முன் தரையில் அமர்ந்தோம். நான் எதையும் விளக்காமல், கண்ணில் படுவதை எல்லாம் சொல்லும்படி கேட்டேன். இரண்டாம் வகுப்பு முடித்த அமுதா, நான்கு கைகள், காலடியில் கிடக்கும் முயலகன் என்று சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தி, "அத்தை, சுற்றிலும் நெருப்பு வட்டம் இருக்குமே, இதில் ஏன் இல்லை?" என்றாள். பாட்டு வகுப்பில் மாட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள். அந்த நெருப்பு வட்டமான திருவாசியும் விரிந்த சடையும் இந்தச் சிலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவை இல்லாததாலேயே உடலின் வளைவும் தூக்கிய திருவடியும் நம் பார்வையை முழுவதுமாகப் பிடித்துக்கொள்கின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இச்சிலையைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டு, வியந்து எழுதியிருக்கிறார். நாமோ மெட்ரோவில் வந்து எதிரே உட்கார முடிகிறது. இந்த வாய்ப்பு வடசென்னைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்று மனம் ஏங்கியது.

கதிர் ஒற்றைக் காலில் நின்று பார்த்தான். விழாமல் நிற்க எந்தக் கையை எங்கே நீட்ட வேண்டும் என்பதை அவன் உடலே கண்டுபிடித்தது. பிறகு இருவரும் பென்சிலால் வரைந்தார்கள். வெளியே வந்தபோது 1906-இல் எழுப்பப்பட்ட கலைக்கூடத்தின் செந்நிற முகப்பை நின்று பார்த்ததோடு சரி.

மே 12, ஞாயிற்றுக்கிழமை

சிலையை எப்படிச் செய்தார்கள் என்று காலையிலேயே அமுதா கேட்டாள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறிவிடும், அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள், ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள் என்றேன். "அப்படியென்றால் அதே அச்சில் இன்னொன்று செய்ய முடியாதா?" என்றாள். முடியாது, ஒவ்வொன்றுக்கும் புதிதாக மெழுகு பிடிக்க வேண்டும் என்றதும், நேற்று வரைந்த தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பிசைந்து தந்த கோதுமை மாவில் இருவரும் உருவங்கள் செய்தார்கள்.

மே 19, ஞாயிற்றுக்கிழமை

அப்பாவின் யோசனைப்படி, பெரம்பூரில் அரக்கோணம் மின்சார ரயில் பிடித்துத் திருவாலங்காட்டுக்கே போய் வந்தோம். அருங்காட்சியகத்தில் பார்த்த பெயரை நிலையத்தின் மஞ்சள் பலகையில் அமுதா உரக்கப் படித்தாள். கோயிலில் ஊர்த்துவ தாண்டவக் கோலத்தைக் கண்டவுடன், "இங்கே கால் தலைக்கு மேலே போயிருக்கிறது, அங்கே இடுப்பளவுக்குத்தான் தூக்கியிருந்தது" என்றாள். ஒரே சிலையின் முன் அவ்வளவு நேரம் உட்காராமல் இருந்திருந்தால் இந்த வேறுபாடு அவள் கண்ணில் பட்டிருக்காது. காளியோடு நடந்த நடனப் போட்டியையும், தலையால் நடந்து அவ்வூருக்கு வந்த காரைக்கால் அம்மையாரையும் பற்றி அப்பா திரும்பி வரும் ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த முறை எழும்பூரில் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிய தாள்கள் வேண்டும் என்கிறாள் அமுதா.