டோனாவூரில் ஒரு பகல்

நாங்குநேரி, களக்காடு வழியாக டோனாவூருக்குப் போகும்போது பாதையின் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், மேற்கே மலைத்தொடர். டோனா என்ற ஜெர்மன் பிரபு கொடுத்த பணத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு என்பதால் அந்தப் பெயர். நான் போனது மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்து மறைந்த இடத்தைப் பார்க்க.

எங்கள் அக்கா தவறினபிறகு வீட்டுக்கு வந்த சபையார் எல்லாரும், "விசுவாசமா ஜெபம் பண்ணுங்க, எல்லாம் மாறிரும்" என்றார்கள். நல்லெண்ணம்தான். மாறாதபோதோ, துக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. (பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்!) குணமாகாமலேயே விசுவாசத்தில் நின்ற ஒருவர் எனக்குத் தேவைப்பட்டார்.

1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர் ஏமி. 1895-ல் இந்தியா வந்து, பண்ணைவிளையில் தமிழ் படித்து, 1901 முதல் டோனாவூரில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அந்தக் கதை பலருக்கும் தெரியும். என்னை இழுத்தது அதற்குப் பிந்தையது. 1931 அக்டோபர் 24 அன்று, மருத்துவப் பணிக்காகக் களக்காட்டில் எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், பொழுது சாய்ந்த வேளையில் புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். இத்தனைக்கும் அவர் காலத்தில் அங்கே எழுந்த மருத்துவமனையின் பெயர் 'பரம சுகசாலை'.

படுத்தபடியே எழுதினார். நோயாளிகளுக்கு வரும் ஆறுதல் எழுத்தெல்லாம் திடமாக இருப்பவர்கள் எழுதுவது, படுக்கையில் கிடப்பவர் மனதில் அது இறங்காது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே எழுதினார். வலியையும் தூக்கம் வராத இரவுகளையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் எனக்கு நம்பிக்கை தந்தது. கடவுள் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சிக் கூட்டங்களில் சுகமானவர்களை மட்டுமே மேடையேற்றும் நம் வழக்கம் எனக்கு முன்பே பிடிக்காது, இப்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தன் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி ஒன்றுதான் அடையாளம். பிள்ளைகள் அவரை அழைத்த ஒரே சொல் அதில் இருக்கிறது, பெயரோ தேதியோ கிடையாது. அங்கே வந்த வயதான அம்மா ஒருவர், "யாரு தவறிட்டாங்க?" என்று நேராகக் கேட்டார். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும். அக்காவைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் சண்டை போட்டது வரைக்கும் சொன்னேன். அவர் ஒரு பைபிள் வசனமும் சொல்லவில்லை. "எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தா" என்றார். நிழலில் உட்கார்ந்து அந்தத் தங்கச்சியின் கதையையும் கேட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: அது சுற்றுலாத் தலமல்ல, ஆட்கள் குடியிருக்கும் இடம். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளைக் கண்டால் படம் எடுக்காதீர்கள்.