பத்து நிமிடம் இறுக்கிய கை

இரத்த உறைவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பரிசோதனைக்காக என் இடது கையைக் கொடுத்தேன். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் சுற்றி, என்னுடைய மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் நடுவில், ஏறத்தாழ 100 என்ற அளவில் நிறுத்திப் பத்து நிமிடம் அப்படியே விட்டார்கள். அந்த அழுத்தத்தில் தமனி வழியாக இரத்தம் கைக்குள் வந்துகொண்டிருக்கும். சிரை வழியாகத் திரும்பிச் செல்ல முடியாது. சில நிமிடங்களிலேயே விரல்கள் கருஞ்சிவப்பாகி, முன்கை முழுவதும் விண்விண்ணென்று தெறித்தது.

பட்டையை இறுக்குவதற்கு முன்பு ஒரு முறையும், தளர்த்துவதற்குச் சற்று முன்பு இன்னொரு முறையும் அதே கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். அதன் நீர்ப்பகுதியிலிருந்து இரத்தக் கட்டியின் கரைப்பைத் தடுக்கும் புரதங்கள் பலவற்றை நீக்கி, எஞ்சியதைச் சோதனைக் குழாய்களில் கட்டியாக உறையவைத்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தோம். முதல் குழாயிலிருந்த கட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் இருந்தது. இரண்டாம் குழாயிலிருந்ததோ ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஓரங்களில் நெகிழ்ந்து, குழாயைச் சாய்த்தால் வழியும் நீராகிவிட்டது. ஓட்டம் தடைபட்டால் இரத்தம் உறையும் என்று மட்டுமே அதுவரை படித்திருந்த எனக்கு, தடைபட்ட இரத்தம் கட்டியை இன்னும் விரைவாகக் கரைக்கிறது என்பது புதிராக இருந்தது.

இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் டிபிஏ என்னும் நொதியைச் சேமித்து வைத்திருக்கின்றன. இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறி, பிராணவாயு குறையும்போது அந்தச் சேமிப்பை வெளியே விடுகின்றன. கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் செயலற்று மிதந்துகொண்டிருக்கும் பிளாஸ்மினோஜென்னை டிபிஏ வெட்டிப் பிளாஸ்மினாக மாற்ற, அந்தப் பிளாஸ்மின் கட்டியின் ஃபைப்ரின் இழைகளைத் துண்டாக்குகிறது. இதில் நான் மிகவும் வியப்பது, டிபிஏ தனியாக மிதக்கும்போது ஏறக்குறைய சோம்பேறியாக இருந்து, ஃபைப்ரினில் ஒட்டிக்கொண்ட பிறகே பல நூறு மடங்கு வேகம் பெறுகிறது என்பதைத்தான். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் கரைப்பு நடப்பதற்கு இதுவே காரணம். (தேங்கிய கையில் நீர் கசிந்து இரத்தம் கெட்டிப்படுவதாலும் அளவுகள் ஓரளவு கூடித் தெரியும்; ஆனால் என் சோதனைக் குழாய்களில் கண்ட வேறுபாடு அதற்குள் அடங்குவதன்று.)

ஆனால் பத்து நிமிடத் தடைக்கும் பல மணி நேரத் தடைக்கும் பொருள் வேறு. முதலாவதாக, செல்களில் இருக்கும் சேமிப்பு அளவானது. ஒரு முறை கொட்டித் தீர்த்துவிட்டால், புதிதாக உருவாக்க நேரம் வேண்டும். இரண்டாவதாக, பிராணவாயுக் குறைவு நீடிக்கும்போது, டிபிஏயைப் பிடித்து முடக்கும் பிஏஐ-1 என்னும் புரதத்தைச் செல்கள் கூடுதலாக உருவாக்கத் தொடங்குகின்றன. மூன்றாவது காரணம் மிக எளியது என்றாலும், அதுவே தலையாயது என்று நான் கருதுகிறேன்: கரைக்கும் பொருட்களைக் கட்டியிடம் கொண்டுசேர்ப்பது இரத்த ஓட்டம்தான். ஓட்டத்தின் அழுத்தம் இருந்தால் பிளாஸ்மினோஜென் கட்டியின் இழைகளுக்கிடையே ஊடுருவிச் செல்லும். முழுதாக அடைபட்ட குழாயில் அது மெல்லப் பரவித்தான் உள்ளே போக வேண்டும். அதற்குள் உறைவுக் காரணி 13 என்னும் இரத்தப் புரதம் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது, தட்டணுக்கள் கட்டியைச் சுருக்கி இறுக்கிவிடுகின்றன. காலின் ஆழ்சிரைகளில் தோன்றும் கட்டிகள் பிடிவாதமாக இருப்பதற்கு இவை எல்லாம் சேர்ந்த காரணம். போதாக்குறைக்குக் கைச் சிரைகளைவிடக் கால் சிரைகளின் சுவருக்கு இந்தக் கரைக்கும் திறனும் குறைவு.

உடல் முழுவதுமே இரத்த ஓட்டம் குன்றும்போது இதே இருமுகத்தைப் பெரிய அளவில் காணலாம். பெருங்காயத்தில் இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குச் சென்றவருக்கு முதலில் டிபிஏ வெள்ளமாக வெளியேறி, காயத்தை அடைக்க வேண்டிய கட்டிகளையும் கரைத்துவிடலாம். சில மணி நேரம் கழித்துப் பிஏஐ-1 ஏறிக் கரைப்பே முடங்கலாம். 20,000-க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, கரைப்பைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. மறு ஆண்டு நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் என்றும், அதன்பின் கொடுத்தால் இரத்தப்போக்கால் இறப்போர் கூடுகின்றனர் என்றும் தெரிந்தது. நேரம் கடக்கக் கடக்கக் கரைப்பு திசை மாறுவது இதற்குப் பொருத்தமான ஒரு விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது.

அன்று என்னுடன் படித்த நண்பரும் கை கொடுத்திருந்தார். அதே பட்டை, அதே பத்து நிமிடம். அவருடைய கையும் என் கையைப் போலவே கறுத்தது. ஆனால் அவருடைய இரண்டு குழாய்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிஏஐ-1 வயிற்றுப் பருமன் உள்ளவர்களுக்குக் கூடுதலாக இருக்கும் என்பதும், எவருக்குமே அதிகாலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்குச் சற்றே தொந்தி; இரத்தம் எடுத்ததோ காலை எட்டு மணிக்கு. ஆய்வுக்கூடத்தைப் பூட்டும்போது அவருடைய இரண்டாம் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.