400 மீட்டர் உயரம்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. காற்று கொஞ்சம் குளுமையாக வரும், அவ்வளவுதான். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் மருத்துவ இயற்பியலாளராக இருக்கும் நான் அந்த 400 மீட்டரை மறக்கவே கூடாது. ஒரே ஒரு நாள் மறந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். நோயாளிகள் எங்கள் சிகிச்சையைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். எந்த இடத்தில், எவ்வளவு வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதுவார். கதிரை உண்டாக்கும் லினாக் இயந்திரத்தை டெக்னீஷியன் இயக்குவார். டாக்டர் எழுதிய அளவுதான் உடம்புக்குள் போய்ச் சேருகிறது என்பதற்குப் பொறுப்பு நான். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னும், ராத்திரி கடைசி நோயாளி போன பின்னும்தான் இயந்திரம் எங்கள் கைக்குக் கிடைக்கும். நடுவே, கதிர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் பிளான் போடுவது, போட்ட பிளானைச் சரிபார்ப்பது, எம்.டி. படிக்கும் டாக்டர்களுக்கு வகுப்பு, எம்.எஸ்ஸி. மாணவர்களின் ப்ராஜெக்ட் என்று பகல் ஓடிவிடும்.

லினாக் எவ்வளவு கதிர் விடுகிறது என்பதைக் காட்ட எம்யூ என்று ஒரு எண்ணிக்கை உண்டு. உடம்பு வாங்கும் கதிரை கிரே என்ற அலகில் சொல்வோம். குறிப்பிட்ட தூரத்தில், குறிப்பிட்ட ஆழத்தில், 100 எம்யூ ஓடினால் 1 கிரே கிடைக்கும்படி இயந்திரத்தை வைத்திருப்போம். அது அப்படியே நிற்கிறதா என்று அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். உடம்பில் பெரும்பகுதி நீர் என்பதால் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஃபார்மர் சேம்பர் என்ற சின்னக் குழாயை வைப்போம். அதன் உள்ளே 0.6 கன சென்டிமீட்டர் காற்று இருக்கும். கதிர் பட்டால் அந்தக் காற்றில் மின்னூட்டம் உண்டாகும், அதைத்தான் எலக்ட்ரோமீட்டர் எண்ணுகிறது. அறைக் காற்றுதான் குழாய்க்குள்ளும் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் உள்ளே காற்றும் குறைவு, எண்ணிக்கையும் குறையும். அதனால் அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் அளந்து, அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்துவோம். பன்னாட்டு அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட டிஆர்எஸ்-398 நெறிமுறை இதையெல்லாம் வரிவரியாகச் சொல்கிறது. மாணவர்களுக்கு அதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன்.

அது ஒரு ஏப்ரல் மாதம். காற்றழுத்தத்தை அளக்கும் எங்கள் பாரோமீட்டர் அளவுத்திருத்தத்துக்காக வெளியே போயிருந்தது. மாதாந்திர அளவை முடித்தாக வேண்டும். மணி எட்டரை இருக்கும். நாள் முழுக்க வேலை, மறுநாள் காலையில் ஒரு கூட்டம் வேறு. செல்போனை எடுத்து வானிலைச் செயலியில் கோயம்புத்தூரின் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். 1009 ஹெக்டோபாஸ்கல் என்றிருந்தது. எழுதிக்கொண்டேன். கணக்கு போட்டால் இயந்திரம் நாலரை சதவீதம் குறைவாகத் தருவதாக வந்தது. 2 சதவீதத்துக்கு மேல் போனால் சரிசெய்தாக வேண்டும். சரி, செய்துவிடுவோம் என்று இயந்திரத்தின் அமைப்பை மாற்றும் சர்வீஸ் மோடுக்குப் போகக் கை நீட்டினேன்.

கூட இருந்த இன்டர்ன் பெண், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு வருடப் பயிற்சிக்கு எங்களிடம் வந்தவள். பேசத் தயங்குகிற பெண். அன்றைக்கும் தயங்கித்தான் கேட்டாள்.

"சார், காலையில டெய்லி செக் சரியாத்தானே இருந்துச்சு. அதுக்குள்ள நாலரை பர்சன்ட் எப்படி சார் குறையும்?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இன்னொன்றும் கேட்டாள். "போன மாசம் 964, அதுக்கு முந்தின மாசம் 966. எப்பவுமே 960-ஐ ஒட்டித்தான் இருக்கு. இன்னைக்கு மட்டும் 1009 எப்படி சார்?"

எனக்குக் கை நின்றுவிட்டது. வானிலைச் செயலிகள் சொல்வது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்க அப்படித்தான் தருவார்கள். எங்கள் அறையில் உண்மையில் இருந்த காற்று 400 மீட்டர் உயரத்துக் காற்று. உயரம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால்தான் பதிவேட்டில் எப்போதும் 960-ஐ ஒட்டி இருந்தது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. நான் 'சரிசெய்திருந்தால்' மறுநாள் காலையிலிருந்து எல்லோருக்கும் நாலரை சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகப் போயிருக்கும்.

நாலரை சதவீதம் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த வாரம் எங்களிடம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். வாயில் புற்று, பல வருடம் வெற்றிலையோடு புகையிலை போட்ட வாய். 35 நாளில் 70 கிரே. நாலாவது வாரம் வாய் முழுக்கப் புண்ணாகி, கஞ்சியும் இளநீரும் மட்டுமே இறங்கியது. உடம்பு மெலிந்து, தலை அசையாமலிருக்க முகத்தில் போடும் மாஸ்க் தளர்ந்துபோனதால், மறுபடி சிடி எடுத்து நாங்கள் புதிதாகப் பிளான் போட்டிருந்தோம். தண்டுவடத்துக்கு 45 கிரேயைத் தாண்டக் கூடாது என்று டாக்டரும் நானும் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டிய பிளான் அது. கட்டிக்கு முழுதாகப் போக வேண்டும் என்பார் அவர், தண்டுவடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பேன் நான். அந்த மில்லிமீட்டர் சண்டையெல்லாம் ஒரு செல்போன் எண்ணால் வீணாகியிருக்கும். "சாமி, இன்னும் எத்தன நாளுக்குங்க இந்தக் கரண்டு?" என்று குழறிக் கேட்கும் அந்த வாய்ப்புண்ணின் மேல் தினமும் கூடுதலாக விழுந்திருக்கும். அவருக்கு மட்டுமா? அந்த மேஜையில் படுக்கிற அத்தனை பேருக்கும்.

எங்கள் வேலையில் எனக்குப் பெரிய பயம் இதுதான். ஒரு பிளானில் தவறினால் ஒருவருக்குப் பாதிப்பு. அளவுத்திருத்தத்தில் தவறினால் எல்லோருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது, எந்த மணியும் அடிக்காது. 1988-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் சிகிச்சைக்குக் கதிர் தரும் புதிய கோபால்ட் மூலத்தின் அளவுத்திருத்தத்தில் நேர்ந்த ஒரு பிழையால் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சுமார் 25 சதவீதம் கூடுதல் கதிர் வாங்கினார்கள். வகுப்பில் அதை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கொஞ்சம் உயரும். ஏப்ரலுக்குப் பிறகு அதை நடத்துவது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறையிலிருந்து ஒரு பாரோமீட்டர் வாங்கி வந்து மறுபடி அளந்தோம். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்தேன், துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நோயாளி யாருக்கும் எதுவும் ஆகவில்லையே, இதை ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஒருவர் அன்போடுதான் கேட்டார். ஆகாதபோதே எழுதினால்தான் அடுத்தவருக்கு உதவும் என்பது என் எண்ணம்.

மருத்துவக் கல்லூரியில் இருப்பதன் அருமையை அதற்குப் பிறகு வேறு விதமாகப் பார்க்கிறேன். மாணவர்களோடு அளந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும், எம்யூவைக் கையால் கணக்கு போட வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன். நிர்வாகமும் எத்தனை நோயாளி, எத்தனை கட்டுரை என்றுதான் எண்ணுகிறது. அந்தப் பெண் கேட்ட இரண்டு கேள்விகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தயங்கித் தயங்கியாவது அவள் கேட்டாளே. என் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம் என்று அவளுக்கு எப்படியோ தோன்றியதே. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

காங்கேயத்து அம்மா 35 நாளையும் முடித்தார். கடைசி நாள் தன் மாஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். சேர்ந்த முதல் வாரம் போன் செய்தாள். "சார், இங்க கடல் மட்டம்தான, போன்ல வர்ற பிரஷரும் பாரோமீட்டர் பிரஷரும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. இருந்தாலும் ரெண்டாவதா ஒரு பாரோமீட்டர் வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன் சார்."