மாஸ்டர், அடுத்து எந்தக் கால்?

இன்று காலை ஸ்டெப் ஏரோபிக்ஸ் வகுப்பில் (பாட்டுக்கு ஏற்றபடி ஒரு பலகை மேல் ஏறி இறங்கும் பயிற்சி) பேங்க் அக்காவின் முழங்கை என் விலாவில் இறங்கியதற்கு அக்கா காரணம் இல்லை. புது மாஸ்டர்தான். எங்களைப் பார்த்து நின்றுகொண்டு "ரைட்" என்றார். அது அவருடைய ரைட்டா, எங்களுடைய ரைட்டா என்று சொல்லவில்லை. முன்வரிசையில் பாதி அந்தப் பக்கம் போனது, பாதி இந்தப் பக்கம். இரண்டு பாதியும் சந்தித்த இடத்தில் நானும் அக்காவும்.

பழைய மேடம் பிரசவத்துக்குப் போனதிலிருந்து இந்தக் கதைதான். (பெண் குழந்தை. பேட்ச் முழுக்க மைசூர்பா வந்தது. ஸ்டெப் ஏரோபிக்ஸ் வகுப்பில் மைசூர்பா கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் இரண்டு துண்டு எடுத்தார்கள்.) மேடம் எங்களைப் பார்த்து நின்றால் "ரைட்" என்று சொல்லிவிட்டுத் தன் இடது காலைத் தூக்குவார். நாங்கள் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் ஆடினால் போதும். அதைவிட முக்கியம், அடுத்தது என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். "நாலு, மூணு, ரெண்டு, நீ அப்!" ஒன்று என்று எண்ண வேண்டிய இடத்தில் அடுத்த ஸ்டெப்பின் பெயர் வந்து உட்காரும். அதற்கடுத்த தாளத் தட்டில் முட்டியைத் தூக்கினால் சரியாக இருக்கும்.

பாட்டு நிமிடத்துக்கு 128 தட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு அரை நொடிகூடக் கிடையாது. நாலு தட்டு முன்னால் சொன்னால்தான் அது காதில் விழுந்து, மூளை கேட்டு, மூளை இடுப்புக்குச் சொல்லி, இடுப்பு "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்து, கடைசியில் காலுக்குத் தகவல் போய்ச் சேரும். புது மாஸ்டர் தன் கால் பலகை மேல் ஏறிய பிறகு "வீ ஸ்டெப்!" என்கிறார். என் மாமியார் காரில் வழி சொல்வாரே, அந்த மாதிரி. "இதோ போச்சு பாரு, அந்த லெஃப்ட்தான்!" கீழ்க்கட்டளையில் திரும்ப வேண்டியவர்கள் பல்லாவரம் பார்த்துவிட்டு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மீதி நேரமெல்லாம் "கமான்", "சூப்பர்", "அப்படியே", "இந்தப் பக்கம்". எந்தப் பக்கம்? விசில் வேறு. ஸ்பீக்கரை ஜன்னல் அதிர வைத்துவிட்டு அதற்கு மேல் விசில்.

இன்று திடீரென்று தன் தலையைத் தட்டிக் காட்டினார். 'முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம்' என்பதற்கு அது சைகையாம். யாரும் சொல்லித் தரவில்லை. புது ஸ்டெப் என்று நினைத்து மொத்த வரிசையும் பலகை மேல் ஏறி நின்று பக்தியோடு தலையைத் தட்டிக்கொண்டது. தலையில் குட்டிக்கொண்டு பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறோம் என்று பேங்க் அக்கா முடிவே செய்துவிட்டார். இன்னும் ஒரு எட்டுத் தட்டு போயிருந்தால் காதையும் பிடித்திருப்பார்.

பலகை என்னவோ ஆறு அங்குலம்தான். ஆனால் எங்கள் பேட்சில் பாதி முட்டிகளுக்கு எக்ஸ்ரே ஃபைல் இருக்கிறது. கால் முழுதாகப் பலகையில் படாமல் குதிகால் வெளியே தொங்கினால் கதை கந்தல். இத்தனைக்கும் இந்தப் பயிற்சியே முட்டி வலியில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஜின் மில்லர் என்ற பயிற்சியாளருக்கு முட்டியில் அடி. பால் டிரே மேல் ஏறி இறங்கு, தசை பலப்படும் என்றார் டாக்டர். 1989 வாக்கில் அதையே அந்தம்மா வகுப்பாக மாற்றிவிட்டார். இதை வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. "ஆவின் பூத்துல கேட்டா காலி டிரே சும்மா தருவான். எதுக்கு மாசாமாசம் பணம் கட்டற?" என்று இவர் ஆரம்பித்தார். இன்னும் நிறுத்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்கா என் விலாவைப் பதம் பார்த்த அடுத்த நிமிடம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அடுத்து... வலது முட்டி!" பி.டி. டீச்சரம்மா. ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. மைக் இல்லாமல் பிரேயர் கிரவுண்டையே நிறுத்திய குரலுக்கு ஸ்பீக்கர் எம்மாத்திரம்? "அடுத்து... பலகையைத் தாண்டி அந்தாண்டை!" மொத்த வகுப்பும் ஒரே ஆளாகத் தாண்டியது. மாஸ்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரும் தாண்டினார்.

முடிந்ததும் டீச்சரம்மா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, என்சிசி-ல 'தாஹினே'ன்னு, அதாவது ஹிந்தியில வலதுன்னு, இழுத்து ஒரு இடைவெளி விடுவோம். அப்போ பசங்க ரெடியாயிடும். அப்புறம்தான் 'முட்', திரும்புன்னு. ரெண்டையும் ஒண்ணா சொன்னா கிரவுண்டே கவுந்துடும். நீ வெறும் 'முட்' மட்டும் சொல்ற. அதுவும் திரும்பினப்புறம்." தம்பி தலையை ஆட்டினார். நல்ல பையன்தான். ஆடவும் செய்கிறார், வாயைத் திறப்பதுதான் லேட்.

"அதெப்படி டீச்சர், அவர் அடுத்து என்ன செய்வார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுது?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் காது சரியாக் கேக்காதே. அவன் சொல்றதை எங்க கேட்டேன்? ஏறதுக்கு முன்னாடி அவன் தோள் சாயும் பாரு, அதைப் பார்த்துச் சொன்னேன்" என்றார்.

பழைய மேடம் காலத்திலிருந்து கடைசி வரிசையில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஆடுகிறவர். காது கேட்காது என்பது எங்கள் ஒருத்திக்கும் தெரியாது. பேங்க் அக்கா பேசாமல் அவர் பலகையையும் சேர்த்து எடுத்து அடுக்கி வைத்தார்.

ஆனால் அடுத்த வாரம் டீச்சரம்மா கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம். பேரனுக்குப் பூணூல் எல்லாம் இல்லை, சும்மா லீவுக்குத்தான். சும்மா லீவு என்றால் பேரனை இங்கே அனுப்பச் சொல்லலாமே என்று யார் பேசுவது என்பதில்தான் இப்போது பேட்ச் இரண்டாக நிற்கிறது.