கிணறு மூடிய நாட்கள்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில், எண்ணெய் வந்தால் இனிப்பு கொடுப்பார்கள். கிணற்றை மூடும்போது யாரும் இனிப்பு வாங்குவதில்லை. திருவாரூர்ப் பக்கம் சிமென்டிங் வேலையில் இருந்த வருடங்களில் தோண்டவும் மூடவும் செய்திருக்கிறேன். நினைவில் நிற்பது என்னவோ மூடிய கிணறுகள்தான். அதிலும் சொதப்பிய ஒன்று.

கிணறு மூடுவது என்றால் அடியிலிருந்து மேல்வரை கான்கிரீட் கொட்டுவார்கள் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எண்ணெயோ வாயுவோ வரக்கூடிய அடுக்கை அடைத்து ஒரு பிளக், அதாவது சிமென்ட் அடைப்பு, தேவைப்படும் இடத்தில் இன்னொன்று, தரைக்குச் சற்றுக் கீழே கடைசியாக ஒன்று. இடைவெளியில் தோண்டும்போது பயன்படுத்தும் சேற்றுக் குழம்பே நிற்கும். கிணற்றுச் சுவராக நிற்கும் இரும்புக் குழாய்தான் கேசிங். 7 அங்குல கேசிங்கில் 100 மீட்டர் பிளக்குக்குச் சிமென்ட் கூழ் 2,000 லிட்டர்கூட வராது. சுமார் 50 மூட்டை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தளம் போட இது காணாது.

டியூபிங் என்ற சிறிய குழாயைக் கேசிங்குக்குள் இறக்கி அதன் வழியாகக் கூழைத் தள்ளுவோம். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் கூழ் ஒரே மட்டத்துக்கு வரும்படி கணக்குப் போட்டு நிறுத்தி, பிறகு மெதுவாக உருவ வேண்டும். அவசரமாக இழுத்தால் கூழும் சேறும் கலந்துவிடும். கலந்தது இறுகாது.

அன்று எல்லாம் கணக்குப்படி நடந்தது. கூழின் அடர்த்தி பார்த்தேன், தண்ணீரைப்போல் 1.9 மடங்கு. நான்கு பேப்பர் கப்பில் சாம்பிள் பிடித்து வைத்தேன். ரிக்கில் இது ஒரு சடங்கு. போகிற வருகிறவர்கள் எல்லாம் கப்பில் ஆணியால் குத்திப் பார்ப்பார்கள். மேலே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம், அதனால் கப்பை வைத்துக் கிணற்றைச் சொல்ல முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் குத்துவார்கள். நானும் குத்துவேன்.

மறுநாள் காலை கப் கல்லாகியிருந்தது. குழாயை இறக்கினோம். 1,750 மீட்டரில் பிளக்கின் தலையில் முட்ட வேண்டும். முட்டவில்லை. 1,780. 1,800. டிரில்லர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எடை காட்டும் முள் அசையவே இல்லை.

பிளக் நழுவி இறங்கிவிட்டிருந்தது. கீழே நின்ற சேற்றின் அடர்த்தி 1.1. அதன்மேல் 1.9 கூழை வைத்தால் அது எப்படி நிற்கும்? கெட்டியான பெண்டோனைட் களிமண் குழம்பை முதலில் மெத்தை மாதிரி போட்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். யாரையும் குறை சொல்ல முடியாது, கையெழுத்து என்னுடையது.

இரண்டாம் முறை மெத்தை போட்டோம். முழு ஒருநாள் காத்திருந்தோம். ரிக் வாடகை ஓடிக்கொண்டிருக்க, நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்கும் பொறுக்காது. ரிக்கின் பொறுப்பாளரான டூல்புஷர் மூன்று முறை வந்து, "தம்பி, இறுகியிருக்காதா?" என்றார். பிறகு இறக்கி, ஐந்து டன் எடையை அதன்மேல் வைத்தோம். அசையவில்லை. பம்ப்பில் அழுத்தம் ஏற்றினோம். தாங்கியது.

2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் வாயு பீறிட்டபோது இந்த நாள்தான் ஞாபகம் வந்தது. பராமரிப்பு வேலைக்காகச் சிமென்ட் பிளக் வைத்திருந்த கிணறு அது. பிளக் தாங்குகிறதா என்று சோதித்து உறுதி செய்யாமலே மேலிருந்த பி.ஓ.பி.யை, அதாவது வாயு பீறிடாமல் தடுக்கும் வால்வுத் தொகுதியை, கழற்றியது விசாரணையில் வெளிவந்தது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். கிணறு அடங்க நவம்பர் ஆனது. செய்தியைப் படித்த பலர் பெரிய தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். எனக்கு அந்த ரிக்கில் யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் கண்ணில் தெரிந்தது.

கடைசி நாள் கேசிங்கைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து, கிணற்று எண்ணைப் பொறித்தோம். நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எத்தனை பிளக், எத்தனை மீட்டர் என்று நான் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். ரிக் நிற்பதற்காக வயலில் கொட்டி இறுக்கிய கிராவல்.

"அதெல்லாம் சரி தம்பி, இதை எப்ப அள்ளுவீங்க?"

அது வேறு டிபார்ட்மென்ட் ஐயா என்றேன்.